சரஸ்வதி காலடியில் தமிழ்ப் புத்தகம்

"நீ ஒரு கழுதைடா!" என்று கத்தினேன்.

நான் போட்ட சத்தத்தில் பந்தல் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்த வங்காளிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகரத்தினம் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை.

காரணம் இல்லாமல் நான் யாரையும் திட்ட மாட்டேன். காரணம் கிடைத்துவிட்டால் விடவும் மாட்டேன். அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள், நீங்களும் கத்துவீர்கள்.

அது எழுபதுகளின் நடுவில். கல்கத்தாவில் கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அந்தச் சந்தில் மூன்றே மூன்று தமிழ் வீடுகள். என் அப்பாவுக்கு மத்திய அரசு ஆபீஸில் வேலை. தமயந்தியின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நாகரத்தினத்தின் அப்பா சந்து முனையில் அப்பளம், காப்பிப்பொடி, முறுக்கு எல்லாம் விற்கும் கடை வைத்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு.

தமிழ்ப் பாடப் புத்தகம் மட்டும் மெட்ராஸிலிருந்து ரயிலில் வரவேண்டும். அந்த வருஷம் பார்சலில் பாதிப் புத்தகம்தான் வந்து சேர்ந்தது. எங்கள் தமிழாசிரியர் அனந்தகிருஷ்ணன் சார் யோசித்துப் பார்த்து, பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் என்று கொடுத்துவிட்டார். ஆக, எங்கள் சந்துக்கு ஒரே ஒரு தமிழ்ப் புத்தகம். மாற்றி மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒரே புத்தகத்தை நாகரத்தினம் சரஸ்வதி காலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டான்!

நம் ஊரில் சரஸ்வதி பூஜை நவராத்திரியில் வரும். வங்காளத்தில் குளிர் முடியும் சமயத்தில் வரும். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, களிமண் சரஸ்வதியை வைத்து, பிள்ளைகளே பூஜை நடத்துவார்கள். புத்தகங்களை அவள் காலடியில் அடுக்குவார்கள். அன்றைக்கு யாரும் படிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. மறுநாள் புரோகிதர் வந்து தயிரும் அவலும் படைத்துப் பூஜையை முடித்த பிறகுதான் புத்தகம் திரும்பக் கையில் கிடைக்கும். எங்கள் சந்துக்குப் புரோகிதர் வர எப்படியும் மத்தியானம் ஆகிவிடும். பாவம், அவரும்தான் எத்தனை பந்தலுக்கு ஓடுவார்?

மறுநாள் காலை முதல் மணியிலேயே எங்களுக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வு.

"உன்னை யாருடா அதை அங்க வைக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"பாப்லுதா சொன்னாரு," என்றான் நாகரத்தினம் மெதுவாக. பாப்லுதா என்பவர் பந்தல் கமிட்டியின் தலைவர். காலேஜில் படிக்கிற பெரிய அண்ணன். "எந்தப் பாடம் ரொம்பக் கஷ்டமோ அந்தப் புத்தகத்தைத்தான் வைக்கணுமாம். வெச்சா சரஸ்வதி பாஸ் போட்டுடுவாளாம். அந்த வங்காளிப் பையன் பிந்து கணக்குப் புத்தகம் வெச்சான். எனக்குத் தமிழ்தானே கஷ்டம்? அதான் வெச்சேன்."

எனக்கு மூக்கு நுனி வரை சிவந்துவிட்டது. ஆனால் அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

ஏனென்றால் அந்தத் தேர்வில் எங்களுக்கெல்லாம் போனால் மார்க் போகும், அவ்வளவுதான். அவனுக்கு வகுப்பே போய்விடும். அவன் சின்ன வயதில் வங்காளிப் பள்ளியில் படித்தவன். வங்காளத்தில் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது. தமிழை வீட்டில் பேசுவான், அதோடு சரி. போன வருஷம் எங்கள் பள்ளிக்கு வந்து, ஏழாம் வகுப்பில் தமிழில் தேறவில்லை. தலைமையாசிரியர் மனமிரங்கி எட்டில் உட்கார வைத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். இந்த வாய்மொழித் தேர்வில் தேறினால் எட்டு. இல்லையென்றால் திரும்ப ஏழு.

ஏழாம் வகுப்பில் யார் இருக்கிறார்கள் தெரியுமா? அவனுடைய தங்கை வசந்தி!

"தங்கச்சியோட ஒரே கிளாஸ்ல உட்காரணும் ஜெயா," என்றான். "அவ இப்பவே எனக்குப் பக்கத்துல இடம் போட்டு வெச்சிருக்கேன்னு சிரிக்கிறா." அவன் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் தமயந்தி வந்தாள்.

தமயந்தியைப் பற்றிச் சொல்ல எனக்கு அலுக்கவே அலுக்காது. திருநெல்வேலியிலிருந்து வந்தவள். ரெட்டைப் பின்னல், கையில் எப்போதும் ஏதாவது தின்பண்டம். மற்றவர்கள் செய்யுளை மனப்பாடம் செய்வார்கள். அவள் செய்யுளில் வரும் வார்த்தைகளை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுவாள். நாங்கள் ஏரிக்கரைக்குப் போனால் "வாவி வந்தாச்சு!" என்பாள். குதிரை வண்டி போனால் "புரவி போகுது பாரு!" என்பாள். அவளோடு ஒரு வாரம் சுற்றினால் போதும், அகராதியே வேண்டாம்.

விஷயத்தைக் கேட்டதும் அவளும் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பந்தலை எட்டிப் பார்த்தாள். சரஸ்வதியின் வெள்ளை அன்னத்துக்குப் பக்கத்தில் புத்தகங்கள் மலையாகக் குவிந்திருந்தன. எங்கள் புத்தகம் அடியில் எங்கேயோ இருந்தது.

"நான் வேணா பின்பக்கமா நுழைஞ்சு எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

"சே! வெச்சா வெச்சதுதான். நம்ம வீட்டுக் கொலுவில வெச்ச புத்தகத்தை யாராவது வந்து உருவினா சும்மா இருப்பியா?"

இருக்க மாட்டேன்தான். வாயை மூடிக்கொண்டேன்.

தமயந்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். "இன்னிக்குப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. சரி. பேசக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லையே."

"அப்போ பேசுவோம். வாங்க, முதல்ல சாப்பிடலாம்."

பந்தலுக்குப் பின்னால் வாழை இலை போட்டு எல்லோருக்கும் கிச்சுரி பரிமாறினார்கள். அரிசியும் பருப்பும் சேர்த்துக் கொதிக்கக் கொதிக்க வாளியில் வந்தது. நாகரத்தினம் சாப்பிடாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். "உவமை என்பது... உருவகம் என்பது... உவமேயத்தின் மீது..."

நாளைய தேர்வு ஐந்து அணிகளைப் பற்றியது. உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, வஞ்சப்புகழ்ச்சி, தற்குறிப்பேற்றம். இலக்கணத்தை அவன் எப்படியோ உருப்போட்டிருந்தான். ஆனால் எது எதற்கு என்று ஒன்றும் விளங்கவில்லை. உருவகத்தின் தலையை உவமையின் உடம்பில் ஒட்டவைத்துக் கொண்டிருந்தான்.

"நாகு, கிச்சுரி எப்படி இருக்கு?" என்று கேட்டாள் தமயந்தி.

"நம்ம வெண்பொங்கல் மாதிரி இருக்கு. இப்ப அதா முக்கியம்?"

"அதுதான் உவமை."

நாகரத்தினம் வாயில் வைத்த கவளத்தோடு நின்றுவிட்டான்.

"ஒண்ணை இன்னொண்ணு மாதிரி இருக்குன்னு சொன்னே இல்ல? செய்யுள்ல 'போல'ன்னு வரும். நீ 'மாதிரி'ன்னே. அவ்வளவுதான் வித்தியாசம். சரி, காலையில ஜெயா உன்னை என்னன்னு திட்டினா?"

"கழுதைன்னு."

"கழுதை மாதிரின்னா?"

நாகரத்தினம் என்னை முறைத்தான். "இல்ல. நீ ஒரு கழுதைன்னே சொன்னா."

"மாதிரியை எடுத்துட்டு, நீயே அதுதான்னு சொல்லிட்டா. அது உருவகம்."

"அப்ப ஜெயா எனக்குப் பாடம்தான் நடத்தினாளா?"

"பின்னே?" என்றேன் நான். விட்டுக்கொடுப்பேனா? "இன்னும் நாலு உருவகம் வெச்சிருக்கேன், வேணுமா?"

அவன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

கைகழுவப் போனபோது பாப்லுதா பையன்கள் நடுவில் நின்று போன வாரப் பந்தாட்டத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். அவர் உதைத்த பந்து மேகத்துக்குள் போய், மேகம் உடைந்து, அதற்கப்புறம் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் மழை பெய்ததாம். நாகரத்தினம் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான்.

"தமயந்தி! இது... இதுதானே உயர்வு நவிற்சி? இருக்கிறதை விடப் பெரிசாக்கிச் சொல்றது?"

"நான் வாயே திறக்கலை. நீயேதான் கண்டுபிடிச்சே!" என்று தமயந்தி கைதட்டினாள்.

அவள் தட்டிய தட்டில் பாப்லுதா தன்னைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்து, பந்தை இன்னொரு தடவை மேகத்துக்கு அனுப்பினார்.

அப்புறம் நாகரத்தினத்தைப் பிடிக்க முடியவில்லை. பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தான். யார் என்ன பேசினாலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். தமயந்தி நடுநடுவே சொற்களையும் கொடுத்தாள். பந்தல் வாசல் நாயைக் காட்டி, "பழைய பாட்டுல இதுக்கு ஞமலின்னு பேரு" என்றாள். அவ்வளவுதான். "ஞமலி! வாடா ஞமலி!" என்று அவன் அதற்குக் கிச்சுரி வைத்தான். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பெயர் அதற்கும் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

சாயங்காலம் ஆனதும் அவன் அம்மா அன்னக்கிளி, கடையிலிருந்து அவனைத் தேடிக்கொண்டு வந்தார்.

"அடடா, எம்மவனைப் போலப் பொறுப்பான புள்ள உண்டா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "காலையில தேங்காய் வாங்கியாடான்னு அனுப்பினேன். பாருங்க, பொழுது சாயறதுக்குள்ள வந்து நிக்கிறான்! கையில தேங்காயைக் காணோம், ஆனா என்ன? நடந்த கால் வலிக்கும்யா, உக்காரு, விசிறி விடறேன்!"

வேறொரு நாளாக இருந்தால் நாகரத்தினம் ஓடியிருப்பான். அன்றைக்கு முகமெல்லாம் பல்லாக நின்றான். "அம்மா! இன்னொரு தடவை சொல்லும்மா! இது வஞ்சப்புகழ்ச்சிம்மா! புகழ்ற மாதிரி திட்டறது!"

அன்னக்கிளி அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடீ ஆச்சு இவனுக்கு? வெயில்ல அலைஞ்சானா?" என்று எங்களைக் கேட்டார்.

"படிக்கிறான் அத்தை," என்றாள் தமயந்தி.

"புத்தகமே இல்லாமயா?"

"ஆமாம் அத்தை. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஒன்றுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. தற்குறிப்பேற்றம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். தமயந்தி பந்தல் படியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்.

"ஒரு காரியம் தானா நடக்குது. அது பாட்டுக்கு நடக்குது. ஆனா கவிஞர் சும்மா இருக்க மாட்டாரு. தன் மனசுல தோணின ஒரு காரணத்தை அது மேல ஏத்திச் சொல்லுவாரு. இப்ப பாரு நாகு, ஒரு உதாரணம் சொல்றேன். அதோ அந்த..."

டப்பென்று எல்லா விளக்கும் அணைந்தது. ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. சந்து முழுக்க ஒரே இருட்டு.

"லோட்ஷெட்டிங்!" என்று பையன்கள் கோரஸாகக் கத்தினார்கள். கல்கத்தாவில் அப்போதெல்லாம் மின்சாரம் போகாத நாளே கிடையாது.

மாடியிலிருந்து தமயந்தியின் அம்மா கூப்பிட்டார். "தமயந்தி! இருட்டில என்ன வேலை? உடனே வா!" என் வீட்டிலிருந்தும் குரல் வந்தது. உதாரணம் அந்தரத்தில் நின்றது. யாரோ சரஸ்வதிக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது நாகரத்தினம் அந்த வெளிச்சத்தில் சாமியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் அவன் எங்களோடு பள்ளிக்கு வரவில்லை. கடைக்குச் சரக்கு வந்து இறங்கியதாம். மணி அடித்த பிறகுதான் மூச்சிரைக்க வகுப்புக்குள் ஓடிவந்தான். தமயந்தியால் அவனிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. "அஞ்சாவதைக் கேட்காம இருக்கணும்" என்று என் காதில் சொன்னாள்.

அனந்தகிருஷ்ணன் சார் நல்லவர்தான். ஆனால் செய்யுள் என்றால் ஒரு எழுத்துக்கூடப் பிசகக் கூடாது. முதலில் நாகரத்தினத்தைத்தான் எழுப்பினார்.

"உவமை அணி. பாடத்தில் உள்ள செய்யுளைச் சொல்லி விளக்கு."

நாகரத்தினம் எழுந்து நின்றான். உதடு அசைந்தது. அந்தச் செய்யுளை அவன் இரண்டு வாரமாக முட்டி மோதியும் அது அவன் மண்டையில் ஏறியதே இல்லை.

"செய்யுள் வரல சார்," என்றான் கடைசியில். "ஆனா உவமை தெரியும் சார்."

"செய்யுள் இல்லாமல் உவமையா? புத்தகத்தைத் திறந்து பார்த்தாயா இல்லையா?"

தமயந்தி எழுந்துவிட்டாள். சார் கேட்காமல் யாராவது எழுந்தால் அவருக்குப் பிடிக்காது.

"சார், எங்க மூணு பேருக்கும் ஒரே புத்தகம். அது நேத்து சரஸ்வதி பூஜையில இருந்தது. அதனால நாங்க புத்தகம் இல்லாம பேசிப் பேசித்தான் படிச்சோம். நாகுவுக்குப் புரிஞ்சிருக்கா இல்லையான்னு மட்டும் நீங்க கேளுங்க சார். செய்யுளை அடுத்த வாரம் அவன் ஒப்பிச்சுடுவான். அது என் பொறுப்பு சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"சரி. சொல்லுடா. உன் உவமையைத்தான் சொல்லேன், கேட்போம்."

நாகரத்தினம் சொன்னான். கிச்சுரி வெண்பொங்கலைப் போல இருந்ததைச் சொன்னான். என் கழுதையைச் சொன்னான். மேகத்தை உடைத்த பாப்லுதாவின் பந்தைச் சொன்னான். அம்மா புகழ்ந்ததை அம்மாவின் குரலிலேயே சொன்னான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சாருடைய மீசையும் லேசாக ஆடியது.

"இதெல்லாம் எந்தப் புத்தகத்திலடா இருக்கு?"

"எங்க தெருவில இருக்கு சார்."

"ம். இன்னும் ஒன்று பாக்கி. தற்குறிப்பேற்றம்."

போச்சு! தமயந்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

நாகரத்தினம் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தான்.

"சார், நேத்து சாயங்காலம் கரண்ட் போச்சு. கரண்ட் தானாத்தான் போகும். தினமும் போகுது. ஆனா நேத்து எனக்கு வேற மாதிரி தோணிச்சு. நான் படியில நின்னு சரஸ்வதி காலடியில இருக்கிற என் புத்தகத்தையே ஏக்கமாப் பார்த்துட்டிருந்தேன். 'அடப் பாவமே, இன்னிக்கு ஒரு நாளாவது இந்தப் பையன் படிக்கிற கவலை இல்லாம இருக்கட்டும்'னு சரஸ்வதியே விளக்கை எல்லாம் ஊதி அணைச்ச மாதிரி இருந்தது சார்."

யாரும் சிரிக்கவில்லை. தமயந்தி கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாள். அதை அவள் சொல்லித் தரவில்லை. யாருமே சொல்லித் தரவில்லை. எங்கள் நாகு, உருவகத்தின் தலையை உவமையில் ஒட்டவைத்த நாகு, தானாகவே ஒரு கவிஞனைப் போல நினைத்துப் பார்த்திருக்கிறான்!

அனந்தகிருஷ்ணன் சார் அவன் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "இத்தனை வருஷமாகத் தற்குறிப்பேற்றம் நடத்துகிறேன். கரண்ட் போவதற்கு ஒரு நல்ல காரணம் இன்றைக்குத்தான் கிடைத்தது" என்றார். "உட்காரப்பா."

நாகரத்தினம் உட்காரவில்லை. "எங்க சார்? ஏழாம் கிளாஸ்லயா?"

"அடேய்! உன் இடத்திலேயே உட்காருடா. தங்கை பக்கத்தில் வேறு யாராவது உட்காரட்டும்."

நாங்கள் தட்டிய கைதட்டலில் பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் மூன்று பேரும் ஓட்டமாகப் பந்தலுக்கு ஓடினோம். பூஜை முடிந்திருந்தது. பாப்லுதா புத்தகங்களை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் தமிழ்ப் புத்தகம் சந்தன வாசனையோடு வந்தது. நடுவில் ஒரு சாமந்திப் பூ இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. ஞமலி வந்து அதையும் முகர்ந்து பார்த்தது.

நாகரத்தினம் புத்தகத்தைச் சட்டையில் துடைத்துத் தமயந்தியிடம் நீட்டினான். "இன்னிக்கு உன் முறை."

"நீயே வெச்சுக்கோ. செய்யுள் ஒப்பிக்கணுமே. நான் வேற பொறுப்பு ஏத்துக்கிட்டிருக்கேன்," என்றாள் அவள்.

"அது சரி, தமிழ்ப் புத்தகத்தை வெச்சது நல்லதாத்தான் போச்சு," என்றேன் நான். "அடுத்த வருஷமும் இதையே வெச்சிடுடா."

"ஐயையோ, இதை எப்படி வைக்கிறது?" என்றான் நாகரத்தினம், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. "கஷ்டமான புத்தகத்தைத்தானே வைக்கணும்!"